குதிரைக்கு எதற்கு மனப்பாடம்?

முதல் டிரஸ்ஸாஜ் தேர்வுக்கு ஓர் இளங்குதிரையைப் பழக்கிக்கொண்டிருக்கும் சவாரிப் பள்ளிப் பயிற்றுநர்களுக்கும், அதன் முதுகில் ஏறப்போகும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும்,

2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் அனுஷ் அகர்வாலா, ஹ்ருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகிய நால்வரும் டிரஸ்ஸாஜ் அணிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார்கள். 1982 டெல்லி ஆசியாடுக்குப் பிறகு, 41 ஆண்டுகள் கழித்து, குதிரையேற்றத்தில் நமக்குக் கிடைத்த தங்கம் அது. இந்த விளையாட்டின் பெயரே நம்மில் பலருடைய காதில் விழுந்தது அப்போதுதான். ஆனால் அந்த நால்வரும் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றவர்கள். அவர்கள் ஏறியவையும் இந்த விளையாட்டுக்கென்றே அங்கே வளர்க்கப்பட்ட குதிரைகள். நம் பள்ளிகளின் லாயத்தில் நிற்பது பெரும்பாலும் வேறு பிராணி: மும்பையிலோ பெங்களூரிலோ பந்தயத்தில் ஓடி, வேகம் போதவில்லை என்று நான்கைந்து வயதில் கைமாறி வந்த தரோபிரட். இந்த மடல் அந்தக் குதிரையை நினைத்து எழுதப்படுகிறது.

டிரஸ்ஸாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பழக்குதல் என்றுதான் பொருள். அதன் பின்னால் ‘டெஸ்ட்’ என்ற சொல் வந்து ஒட்டிக்கொண்டதும் நமக்குள் உறங்கும் டியூஷன் புத்தி விழித்துக்கொள்கிறது. வினாத்தாள்தான் முன்கூட்டியே கையில் இருக்கிறதே, அதையே நாளுக்கு நாலு தடவை எழுதிப் பார்த்தால் போயிற்று என்று தோன்றிவிடுகிறது. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எந்தப் பள்ளி மைதானத்துக்குப் போனாலும் பார்க்கக்கூடிய காட்சி, ஒரே வரிசையில் ஒரே அசைவுகளைத் தாளில் உள்ளபடியே ஒப்பிக்கும் குதிரைகள்தான். நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. முதல் தேர்வுக்கு முந்தைய பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி, தாளில் இல்லாத விஷயங்களுக்குப் போக வேண்டும். தெரியாத இடத்தில், துணையில்லாமல், பதறாமல் இருக்கத் தெரிந்த குதிரைக்குத் தாளில் உள்ளவற்றைச் செய்வது பெரிய வேலையல்ல. அது தெரியாத குதிரைக்கு எத்தனை ஒத்திகை கொடுத்தாலும் அன்றைக்கு உதவாது.

தாளில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம். 20 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் உள்ள ஒரு செவ்வகம். ஓரத்தில் ஏ, கே, ஈ, எச், சி, எம், பி, எஃப் என்று எட்டு எழுத்துகள். நடுவில் கண்ணுக்குத் தெரியாத எக்ஸ். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மிகத் தொடக்கநிலைத் தேர்வுகளில் நடையும், டிராட் என்ற துள்ளுநடையும் மட்டும்தான். கேன்டர் என்ற பாய்நடை அதற்கு அடுத்த படியில்தான் வருகிறது. உள்ளே வர வேண்டும், நிற்க வேண்டும், நடுவருக்கு வணக்கம் சொல்ல வேண்டும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெரிய வட்டம், மூலைக்கு மூலை ஒரு குறுக்குக் கோடு, வாரைத் தளர்த்திவிட்டுக் கொஞ்சம் நடை, மறுபடி மையக்கோடு, நிறுத்தம். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். சேணம் ஏறிச் சில மாதமான எந்தக் குதிரையும் தன் சொந்த மைதானத்தில் இவை அத்தனையையும் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடும். கடினம் அசைவுகளில் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கடினம் இருக்கும் இடம் வேறு. குதிரை மந்தையில் வாழும் பிராணி. ஆபத்தைக் கண்டால் முதலில் ஓடு, அப்புறம் யோசி என்பதுதான் அதன் உடம்பில் எழுதியிருக்கும் சட்டம். அதைத் தோழமைக் குதிரைகளிடமிருந்து பிரித்து, லாரியில் ஏற்றி, முன்பின் பார்த்திராத ஓரிடத்தில் இறக்கி, முழங்கால் அளவு உயரம்கூட இல்லாத வெள்ளைப் பலகைகள் நட்ட செவ்வகத்துக்குள் தன்னந்தனியாக அனுப்புகிறோம். பலகையோரம் பூந்தொட்டிகள் இருக்கும். எதிரே, சி எழுத்துக்குப் பின்னால், மேசையின் பின்னே இரண்டு தலைகள் மட்டும் தெரியும்: ஒன்று நடுவர், மற்றொன்று அவர் சொல்வதை எழுதுபவர். திடீரென்று ஒரு மணி அடிக்கும். உள்ளே நுழைந்ததும் குதிரை போக வேண்டியதோ நேராக அந்த இரண்டு தலைகளை நோக்கி. நமக்கு அது மையக்கோடு. அதற்கு அது புதருக்குள் பதுங்கியிருக்கும் எதையோ நோக்கிய 40 மீட்டர் பயணம். தலையின் இரண்டு பக்கமும் கண் அமைந்திருப்பதால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கக்கூடிய குதிரைக்கு, நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் பார்வை எட்டாத இடம் இருக்கிறது. வலது பக்கமாகப் போகும்போது கண்டுகொள்ளாமல் தாண்டிய அதே பூந்தொட்டி, இடது பக்கமாகத் திரும்பி வரும்போது வேறு வடிவத்தில் தெரிந்து மிரளவைப்பதும் உண்டு.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த கவலையுமல்ல. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் டிரஸ்ஸாஜ் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது குதிரைகள் சில தடைகளையும் தாண்ட வேண்டியிருந்தது. தன்னை நோக்கி உருட்டிவிடப்படும் ஒரு பீப்பாயைச் சமாளிப்பதும் அதில் அடக்கம். படைக்குதிரையிடம் அழகான வட்டத்தைவிட அலறாத நெஞ்சை எதிர்பார்த்த காலம் அது. (1952-க்கு முன்புவரை ஒலிம்பிக் டிரஸ்ஸாஜில் பெரும்பாலும் படை அதிகாரிகளே கலந்துகொண்டார்கள்.) பீப்பாய் பிற்பாடு காணாமல் போய்விட்டது. ஆனால் முதல்முறை வரும் இளங்குதிரைக்கு வெள்ளைப் பலகை, பூந்தொட்டி, மணி, ஒலிபெருக்கி என்று நாலு திசையிலும் பீப்பாய் உருண்டுகொண்டுதான் இருக்கிறது.

இனி ஒத்திகைக்கு வருகிறேன். ‘திரும்பத் திரும்பச் செய்தால்தானே பழகும்’ என்பது நியாயமான கேள்வி. பழகும்தான், ஆனால் எது பழகும் என்று பார்க்க வேண்டும். குதிரையின் நினைவாற்றல் அசாத்தியமானது. எக்ஸில் பத்து நாள் நிறுத்தினால் பதினோராம் நாள் நீங்கள் கேட்காமலே எக்ஸில் நிற்கும். கே எழுத்தருகே எப்போதும் டிராட்டுக்குத் தூண்டினால் கே கண்ணில் பட்டதும் அதுவே கிளம்பிவிடும். பார்ப்பவருக்கு இது கெட்டிக்காரத்தனமாகத் தெரியலாம். நடுவருக்குத் தெரிவது வேறு: முந்திக்கொள்ளும், சவாரியாளரைக் கேட்டு நடக்காத குதிரை. ஒப்பிக்கும் பிள்ளைக்கு இடையில் ஒரு வரி மறந்தால் முழுப்பாடமும் போய்விடுவதுபோல, வரிசையை மனப்பாடம் செய்த குதிரை அந்த இடத்தில் நிழல் விழுந்தாலும் தடுமாறிப்போகும். கற்றது காலின் அழுத்தத்தையோ வாரின் தொடுதலையோ அல்லவே. தன் ஊர் மைதானத்தின் ஓர் இடத்தைத்தானே! வேற்றூரில் அந்த இடம் கிடையாது. மனப்பாடம் செய்ய வேண்டியவர் சவாரியாளர். அவர் அதைத் தாளில் வரைந்து பார்க்கலாம், வீட்டுக் கூடத்தில் எட்டு எழுத்துகளை ஒட்டிவைத்து நடந்தும் பார்க்கலாம். அதுவும் முடியாது என்றால், பல நாடுகளில் தொடக்கநிலைத் தேர்வை ஓரத்தில் நின்று ஒருவர் உரக்கப் படித்துச் சொல்லவும் அனுமதி உண்டு. குதிரைக்குத் தெரிய வேண்டிய பகுதிகளைத் துண்டு துண்டாக, வரிசை மாற்றி, வேறு வேறு எழுத்துகளில் செய்தால் போதும். முழுத் தேர்வையும் ஒன்றிரண்டு முறைக்குமேல் அதன்மீது ஓட்டிப்பார்க்கத் தேவையில்லை.

சவாரியாளரின் வீட்டுப்பாடத்தில் ஒன்றை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் குதிரையின் தலையில் போடப்படும் பழியில் பாதி இங்கேதான் பிறக்கிறது. 20 மீட்டர் வட்டம். ஏ-யில் தொடங்கும் வட்டம் நான்கு இடங்களைத் தொட வேண்டும்: ஏ, எக்ஸ், இரண்டு நீளப் பக்கங்களிலும் ஒவ்வொரு புள்ளி. அந்தப் பக்கப் புள்ளிகள் மூலையிலிருந்து 10 மீட்டரில் இருக்கின்றன. கே-யும் எஃப்-உம் மூலையிலிருந்து 6 மீட்டரில். ஆக, வட்டம் தொட வேண்டிய இடம் எழுத்தைத் தாண்டி 4 மீட்டர் தள்ளி, எந்த அடையாளமும் இல்லாத வெற்றுப் பலகையில் இருக்கிறது. பலரும் எழுத்தைப் பிடிக்கப் போய் மூலைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். வட்டம் சதுரமாகி, ஒவ்வொரு மூலையிலும் குதிரை தன் எடையை உள்தோளில் சாய்த்து விழுகிறது. ‘குதிரை வளையவே மாட்டேன் என்கிறது’ என்று அப்புறம் குறைப்படுகிறோம். மையக்கோட்டில், ஏ-யிலிருந்து 10 மீட்டரில் ஒரு முளை அடித்து, 10 மீட்டர் கயிற்றைக் கட்டி, இழுத்துப் பிடித்தபடி சுற்றிவந்து சுண்ணாம்புத் தூளைத் தூவினால் உண்மையான வட்டம் தரையில் விழும். அதைப் பார்த்ததும் பலருக்கு இதுவரை தாம் ஓட்டியது கோழிமுட்டை என்று புரியும். சுற்றளவு 62.8 மீட்டர். நிதானமான டிராட் நிமிடத்துக்குச் சுமார் 220 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் முழு வட்டத்துக்கு 17 நொடி. ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு நான்கு நொடிக்குச் சற்றே அதிகம். இந்தக் கணக்கைச் சவாரியாளர் தன் காலால் அந்தக் கோட்டில் நடந்து பழகலாம். அதற்குக் குதிரையைச் சுற்ற வைக்க வேண்டியதில்லை.

மதிப்பெண் வேண்டாமா என்று பெற்றோர் கேட்பது காதில் விழுகிறது. வேண்டும், அதை வாங்கித் தருவதும் நிதானம்தான் என்பதே என் வாதத்தின் பலம். டிரஸ்ஸாஜில் ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். இதில் 6 என்றால் திருப்தி, 5 என்றால் விளிம்பில் தேறியது. 4-இல்தான் ‘போதாது’ ஆரம்பிக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு வாங்காவிட்டால் முகம் வாடிப்போகும் வீடுகளில், முதல் தேர்வில் 60 சதவீதம் வாங்கிய குதிரை மரியாதையாக வந்திருக்கிறது என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இளங்குதிரைக்கு முதல் தேர்வில் 8 என்பது குதிரைக் கொம்பு. இப்போது பத்து அசைவுள்ள ஒரு தேர்வைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: ஆறு டிராட்டில், இரண்டு நிறுத்தம், ஒரு சாதாரண நடை, ஒரு தளர்வார் நடை. பல தொடக்கநிலைத் தேர்வுகளில் தளர்வார் நடைக்கு மதிப்பெண் இரட்டிப்பு. ஆகவே மொத்தம் 110. அமைதியான, பளபளப்பு எதுவும் இல்லாத குதிரை எல்லாவற்றுக்கும் 6 வாங்கினால் 66; அதாவது 60 சதவீதம். பதற்றக் குதிரை டிராட்டில் கண்ணைப் பறித்து ஆறுக்கும் 7 வாங்குகிறது. ஆனால் நிற்கவும் நடக்கவும் முடியாமல் மீதிக்கெல்லாம் 4. கூட்டினால் 62 வரும்; 56 சதவீதம். ஒத்திகையில் மெருகேற்றிய ஆறு டிராட் அசைவுகளும் அந்தப் பள்ளத்தை நிரப்பவில்லை.

தளர்வார் நடைக்கு இரட்டிப்பு கொடுத்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. நடை என்பது நான்கு தனித்தனி அடி. அதில் உந்துதல் குறைவு என்பதால் மறைத்துவைக்க இடமே கிடையாது. பதற்றம் வந்தால் முதுகு இறுகும், முதுகு இறுகினால் ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் ஏறக்குறைய ஒன்றாக எழும்பும், நான்கு அடி இரண்டாகிவிடும். நிம்மதியாக நடக்கும் குதிரையை மணலில் பாருங்கள். வாரை மெல்ல விடுகையில் மூக்கு முன்னும் கீழுமாக நீளுகிறது, கழுத்து ஒவ்வோர் அடிக்கும் ஆடுகிறது, முன்குளம்பு பதிந்த தடத்தைத் தாண்டிப் பின்குளம்பு விழுகிறது. கூடவே மூக்கிலிருந்து நீளமான ஒரு ‘புர்ர்ர்’. அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கப் பழகிய பயிற்றுநருக்கு வேறு அளவுகோல் வேண்டியதில்லை. ஜெர்மன் குதிரைப்படை மரபிலிருந்து வந்த பயிற்சிப் படிநிலை ஆறில் முதலிரண்டு தாளமும் தளர்ச்சியும்தான். கடிவாளத் தொடர்பு மூன்றாவது, உந்துதலும் நேர்நிலையும் அதன் பின்னர், உடலைச் சேர்த்துக் குறுக்குவது கடைசி. முதல் தேர்வு அந்த முதலிரண்டு படிகளைத்தான் கேட்கிறது. மூன்றாவதை எட்டிப் பார்த்தால் போதும்.

நாம் செய்வதோ பெரும்பாலும் தலைகீழ். கழுத்து வில்லாக வளைந்து நெற்றி செங்குத்தாக நின்றால்தான் டிரஸ்ஸாஜ் என்று படம் பார்த்துப் பழகிவிட்டோம். அந்த வடிவத்தைப் பின்னங்காலிலிருந்து வரவழைக்க ஆண்டுகள் ஆகும் என்பதால், இழுவார்களும் பக்கவார்களும் கட்டித் தலையை மட்டும் உள்ளே இறக்கிவிடுகிறோம். திருவிளையாடலில் நரிகள் பரிகளான கதை நமக்குத் தெரியும். அன்றிரவே அவை மறுபடி நரிகளாகி ஊளையிட்டதும் தெரியும். தேர்வு அரங்குக்குள் இழுவாருக்கும் பக்கவாருக்கும் அனுமதி இல்லை. வாரைக் கழற்றியதும் குதிரை பழையபடி தலையைத் தூக்கும்; அதிலும் தூரத்தில் உள்ளதைப் பார்க்க அதற்குத் தலையைத் தூக்கியே ஆக வேண்டும், பயம் வந்த இடத்தில் பார்க்காமலும் இருக்காது. வாய்க்குள் நடப்பது இன்னொரு விஷயம். இரண்டரை வயதிலிருந்து நாலரை வயதுக்குள் ஒரு குதிரைக்கு 24 பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கின்றன. ஆண்குதிரைக்குக் கோரைப்பல் வருவதும் இந்தக் காலத்தை ஒட்டித்தான். வாய் இப்படி ரணகளமாக இருக்கும் பருவத்தில்தான் கடிவாளத்தை அமைதியாக ஏற்றுக்கொள் என்கிறோம். தலையை உதறும் நான்கு வயதுக் குதிரைக்கு மூக்குப்பட்டையை இறுக்குவதற்கு முன் பல் பார்க்கும் மருத்துவரைக் கூப்பிடுவது நல்லது. பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

‘பந்தயத்தையே பார்த்த குதிரைக்குக் கூட்டமும் சத்தமும் புதுசா?’ பலமான மறுப்பு இது. புதுசில்லை என்பதுதான் சிக்கல். அந்தக் குதிரைக்குக் கூட்டமும் ஒலிபெருக்கியும் என்ன பொருளில் பழகியிருக்கின்றன என்று யோசிக்க வேண்டும். லாரியிலிருந்து இறங்கினால், கூட்டம் தெரிந்தால், அடுத்து வருவது ஓட்டம். அதுவும் தோளோடு தோள் உரசும் மற்றக் குதிரைகளோடு. வாரை ஜாக்கி கெட்டியாகப் பிடித்தால் அதில் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாகப் போகலாம். பெரும்பாலும் ஒரே திசையில் திரும்பித் திரும்பி உடம்பின் ஒரு பக்கம் மற்றதைவிட வளர்ந்திருக்கும். கண்மறைப்போடு ஓடிய குதிரையானால், டிரஸ்ஸாஜில் அதற்கு இடமில்லாததால், பக்கவாட்டு உலகமே அதற்குப் புதிது. இவையெல்லாம் ஒரு மொழி. புதுமொழி கற்பிக்குமுன் பழைய மொழி மங்க வேண்டும். அதற்குச் சில மாதங்களாவது பிடிக்கும். மும்பை மகாலட்சுமியில் நடக்கும் இந்தியன் டெர்பி நான்கு வயதுக் குதிரைகளுக்கானது. அந்த வயதில் தேசத்தின் பெரிய பந்தயத்தை ஓடக்கூடிய உடம்புக்கு ஒரு வட்டம் போடுவதா கஷ்டம் என்று நினைக்கத் தோன்றும். ஓடுவது தசை சம்பந்தப்பட்டது. ஆளைச் சுமந்துகொண்டு முதுகைத் தூக்கி, வளைந்து, மெதுவாகப் போவதோ வேறொரு வேலை. முதுகெலும்பின் வளர்ச்சித் தகடுகள் மூடுவதற்கே ஐந்து வயது தாண்டிவிடும். வியன்னாவின் ஸ்பானிய சவாரிப் பள்ளியில் லிப்பிஸானர் ஆண்குதிரைக்கு நான்கு வயதுவாக்கில்தான் பயிற்சி தொடங்குகிறது. முதல் கட்டத்தில் பெரும்பாலும் நேர்க்கோட்டில் முன்னோக்கிப் போவது மட்டும். முழுப் பயிற்சிக்கு ஆறு வருடம்போல ஆகும். நாம் ஆறு வாரத்தில் அவசரப்படுகிறோம்.

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழியும் வைத்திருக்கிறோம்: தேர்வன்று காலையில் நீள்கயிற்றில் கட்டி ஒரு மணி நேரம் சுற்றவிட்டுக் களைக்கவைப்பது. களைத்த குதிரை அமைதியான குதிரை அல்ல. அது ஓட முடியாத குதிரை. பயம் உள்ளே அப்படியே இருக்கும். சிறு வட்டத்தில் நெடுநேரம் ஓடுவது தசைநாண்களுக்கும் மூட்டுகளுக்கும் பாரம். அதோடு, தினமும் இப்படிச் செய்தால் உடல்வலு கூடிக்கூடி, போன மாதம் ஒரு மணி நேரத்தில் களைத்தது இந்த மாதம் ஒன்றரை மணி நேரம் கேட்கும். பத்து நிமிடம், உடம்பு இளகுவதற்கும் குதிரையின் மனநிலையை நாம் படிப்பதற்கும், என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. மயக்க ஊசி பற்றிப் பேச வேண்டாம். அது விதிப்படி குற்றம், ஏறும் பிள்ளைக்கும் ஆபத்து.

அப்படியானால் என்னதான் செய்வது? தாளில் இல்லாததைப் பயிற்சியாக்க வேண்டும். பக்கத்து லாயத் தோழனை விட்டுத் தனியே மைதானத்துக்கு வருவதை முதலில் ஒரு நிமிடம், பிறகு இரண்டு, பிறகு ஐந்து என்று நீட்டுங்கள். கனைத்துக் கூப்பிட ஆரம்பிக்குமுன் திரும்பிவிடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வெள்ளை அடித்த மரப்பலகை நாலு, பெயின்ட் டப்பாவில் எழுதிய எழுத்துகள், இரண்டு பூந்தொட்டி, ஒரு பிளாஸ்டிக் மேசை, குடையின் கீழ் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர், கையில் ஒரு பூஜை மணி. முதல் நாள் இவற்றில் ஒன்றுதான். குதிரை அதைப் பார்த்து நிற்கட்டும். உதைத்துத் தள்ளாதீர்கள், இழுத்துத் திருப்பாதீர்கள். அது ஓர் அடி எடுத்து வைத்த அந்த நொடியில் காலின் அழுத்தம் விலக வேண்டும், வார் இளக வேண்டும். குதிரைக்குப் பாடம் அழுத்தத்தில் இல்லை, அழுத்தம் விலகும் நேரத்தில் இருக்கிறது. அரை நொடி தாமதித்து விட்டால் வேறெதற்கோ பரிசு கொடுத்ததாக ஆகிவிடும். குதிரையைத் தினமும் கையாளும் குதிரைக்காரரைத் தயவுசெய்து இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். லாரியில் ஏறுவதும் இறங்குவதும் வேற்றூர்த் தண்ணீரைக் குடிப்பதும் அவர் கையில்தான் நடக்கின்றன. பல குதிரைகள் பழகாத தண்ணீரைத் தொடுவதில்லை என்பது அவருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் பணத்துக்கும் நேரத்துக்கும் எங்கே போவது என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒரே குதிரையில் காலையும் மாலையும் வகுப்பு நடத்தி வாடகை கட்டும் பள்ளிகள் இருக்கின்றன. லாரிக் கூலி சின்னத் தொகையும் அல்ல. ஆனாலும் மேலே சொன்ன பலகையும் தொட்டியும் மணியும் ஒரு மாதக் கொள்ளுச் செலவுக்குள் அடங்கும். அருகருகே இருக்கும் இரண்டு பள்ளிகள் மாதத்துக்கு ஒரு ஞாயிறு மைதானத்தை மாற்றிக்கொண்டால் இருவருக்கும் ‘வேற்றூர்’ இலவசமாகக் கிடைத்துவிடும். போட்டி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு: முந்தின நாள் மாலை ஒரு மணி நேரம் அரங்கைத் திறந்துவையுங்கள், போட்டியில் சேராத இளங்குதிரைகளும் அன்று வந்து ஓரமாக நின்று புல் தின்றுவிட்டுப் போக அனுமதியுங்கள். ஒரு குதிரையின் முதல் வெளியூர்ப் பயணம் போட்டியே இல்லாததாக இருந்தால், இரண்டாவது பயணத்தில் பாதிப் பாரம் குறைந்துவிடும்.

‘இப்படித் தாங்கித் தாங்கிப் போனால் குதிரை தலைமேல் ஏறிக்கொள்ளும், யார் எஜமான் என்று காட்ட வேண்டும்’ என்று சொல்பவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். பயந்த குதிரையை அடித்தால், பூந்தொட்டிக்குப் பக்கத்தில் போனால் அடி விழும் என்று கற்றுக்கொள்ளும். அதாவது தொட்டியைப் பற்றி அது நினைத்தது சரியென்று நாமே சாட்சி சொல்கிறோம். சினத்தோடு குதிரையை அணுகக் கூடாது என்று கிரேக்கத்தின் செனபோன் எழுதி ஏறக்குறைய 2400 ஆண்டுகள் ஆகின்றன, அவர் போர்க்களம் கண்ட தளபதி. நான் கேட்பது செல்லம் கொடுப்பதை அல்ல. குதிரை மனிதரை முட்டித் தள்ளக் கூடாது, நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும், ஏறும்போது அசையக் கூடாது: இவற்றில் இம்மியும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அதிலும் ஏறும்போது அசையாமல் நிற்பது தாளில் இல்லாத பாடங்களில் முதன்மையானது. லாயத்தில் பத்து எண்ணும் வரை நிற்கத் தெரியாத குதிரை எக்ஸில் நின்று வணக்கம் சொல்ல விடும் என்று எந்தக் கணக்கில் எதிர்பார்க்கிறோம்?

தேர்வன்று செய்ய வேண்டியது குறைவு. முன்கூட்டியே போய்ச் சேருங்கள், கையில் பிடித்து நடக்கவிட்டு நாலு பக்கமும் காட்டுங்கள், கண்முன்னே எப்போதும் புல் இருக்கட்டும். ஏறியபின் தாளில் உள்ள எதையும் ஒத்திகை பார்க்க வேண்டாம். நடை, டிராட், மறுபடி நடை, பக்கம் மாற்றம். மணி அடித்ததும் அவசரப்பட்டு ஏ வழியாக உள்ளே நுழையாமல், கொடுத்த நேரத்துக்குள் வெளிப்புறமாக நடுவரின் மேசையை இரண்டு பக்கத்திலிருந்தும் ஒருமுறை காட்டிவிட முடிந்தால் நல்லது. உள்ளே குதிரை ஓரிடத்தில் மிரண்டு ஒதுங்கினால் ஒதுங்கட்டும். அந்த அசைவின் மதிப்பெண் போய்விட்டது, அடுத்ததற்கு மிரளாமல் இருக்க அதன் கழுத்தைத் தொடுங்கள். கடைசி வணக்கம் முடிந்து வாரைத் தளர்த்தி வெளியே வருவதற்கு மதிப்பெண் கிடையாது. பெற்றோரும் பயிற்றுநரும் கவனித்துப் பார்க்க வேண்டியது அந்தச் சில மீட்டரைத்தான். தப்பித்தோம் என்று வெளியேறுகிறதா, அல்லது மூக்கை நீட்டி, காதைத் தொங்கவிட்டு, தன் லாயத்துக்குத் திரும்புவதுபோல வருகிறதா? அரங்கில் செய்யாததை வெளியே கொண்டுபோய்ச் செய்யவைத்துத் திருத்தாதீர்கள். சேணத்தை அவிழ்த்து, தண்ணீர் காட்டி, நிழலில் கட்டுங்கள். நடுவரின் தாள் எங்கும் ஓடிப்போகாது. இரண்டு நாள் கழித்து, பிள்ளையும் பயிற்றுநரும் குதிரைக்காரரும் மூவருமாக உட்கார்ந்து, எண்களை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டு, அருகில் எழுதியிருக்கும் குறிப்புகளை மட்டும் முதலில் படியுங்கள்.

அன்புடன்,
குதிரைகளின் பக்கம் நிற்கும் ஒருவர்